மாட்டி வைக்க ஓர் இடம்

உப்புத்தாளை மரத்தின் மேல் இழுத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்துக்குப் பிறகு தேய்வது மரமா விரலா என்று தெரியாமல் போகும், ஜெசிந்தாவுக்கு அது எப்போதோ தெரியாமல் போய்விட்டது, ஆனாலும் கை நிற்கவில்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் பலகையை வைத்துக்கொண்டு, முன்னுக்கும் பின்னுக்கும், முன்னுக்கும் பின்னுக்கும், அடிப்பிடித்த பாத்திரம் துலக்குகிற மாதிரி தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை, அதிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உருண்டைக் கட்டைகள், கிடாரின் கழுத்து அந்த இரண்டுக்கும் நடுவில் நுழையும், தலை மேலே தங்கிக்கொள்ளும், உடம்பு கீழே தொங்கும். அவ்வளவுதான் விஷயம். இதையே இரும்பில் செய்து கடையில் தொங்கவிட்டிருக்கிறார்கள், போனால் வாங்கி வந்துவிடலாம், அம்மாதான் வேண்டாம் என்றாள். கடையில் வாங்கினது கடையில் வாங்கினதாகத்தான் இருக்கும், வீட்டில் செய்தது என்றால் அதில் ஒரு இது இருக்கும் என்றாள். என்ன இது? எது அந்த இது? வேறொரு நாளாக இருந்தால் ஜெசிந்தா அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் வாதாடியிருப்பாள், அம்மா கடைசியில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தாயே நீ ஜெயித்துவிட்டாய், குழம்பு அடிப்பிடிக்கிறது, என்னை விடு என்றிருப்பாள். அன்றைக்கு ஜெசிந்தா சரி என்றாள். தன் பள்ளிக்கூட நாள் மேஜையின் டிராயரைக் கழற்றி அதன் முன்பலகையை இரண்டாக அறுத்தாள். ஜன்னலில் சும்மா கிடந்த மரத் திரைக்கம்பை நான்கு துண்டாக்கினாள். அப்பா இன்றைக்கு வருகிறார். இரண்டாம் பூசை முடிகிற நேரத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா முதல் பூசைக்கே போய்விட்டாள்.

அப்பா போனது பிப்ரவரியில், சாம்பல் புதனுக்கு முந்தின வாரம், இப்போது அக்டோபர், ஜெபமாலை மாதம் நடக்கிறது. கரூரில் ஒரு கல்யாண வரவேற்பில் கச்சேரி என்று கிளம்பினார், செபாஸ்டின் இல்லாமல் மேடையில் கிடார் ஏது என்று குழுக்காரர்கள் வேனோடு வந்து கூட்டிக்கொண்டு போனார்கள், வேன் திரும்பி வந்தது, அவர் வரவில்லை. அந்தக் குழுவில் பாடுகிற ஒரு பெண்ணின் வீட்டில் இருக்கிறார் என்று பிறகு தெரிந்தது, எல்லாருக்கும் தெரிந்தபிறகுதான் இவர்களுக்குத் தெரிந்தது, அதுதானே வழக்கம். கையில் கொண்டுபோன ஒன்றைத் தவிர அவருடைய மற்ற இரண்டு கிடார்களும் இங்கேயே நின்றுவிட்டன, பழுப்பு நிறத்தில் ஒரு பழையது, கரண்டில் வாசிக்கிற கறுப்பு ஒன்று. கதவுக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்து நிற்கும். அம்மா தினமும் துடைத்தாள். மனிதரைத் துடைத்து எறிய வேண்டிய நேரத்தில் மரத்தைத் துடைக்கிறாளே என்று ஜெசிந்தாவுக்கு ஆரம்பத்தில் பற்றிக்கொண்டு வந்தது, அப்புறம் அதுவும் வரவில்லை. போன வாரம் அவர் போன் செய்து, வந்து பார்க்கிறேன் புஷ்பம் என்றார். பார்க்கிறேன் என்றுதான் சொன்னார், இருக்கிறேன் என்று சொல்லவில்லை. அம்மா போனை வைத்துவிட்டு முதலில் சொன்னது, சுவரில் அந்தக் கிடார்களுக்கு ஒரு இடம் பண்ணிவிட வேண்டும் என்பது. ஏனென்றால் அவர் எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான். இந்த வீட்ல ஒரு கிடாரை வைக்க இடம் இருக்கா? கதவைத் திறக்கும்போது கிடார் சரிந்து விழுந்தால் சொல்வார், நியாயம். செருப்பைக் காணவில்லை என்றாலும் அதையேதான் சொல்வார். ரசத்தில் உப்பு தூக்கலாக இருந்தாலும், கரண்ட் போனாலும், மழை வந்தாலும். சிலருக்கு இருமல் மாதிரி அவருக்கு அந்த வாக்கியம். வேனில் ஏறுவதற்கு முன்னாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் ஏறினார், அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பாவம் மனுஷன், வாய்விட்டுக் கேட்டாரு, வருஷக்கணக்காக் கேட்டாரு, நாம காதுல போட்டுக்கலை. ஜெசிந்தா சொன்னாள், அம்மா, புகார் வேற, காரணம் வேற. அம்மா சொன்னாள், அதெல்லாம் உங்க யுனிவர்சிட்டியில பேசு, மார்க் போடுவாங்க, இப்ப அந்தப் பலகையை எடு. நீ எடுக்கலைன்னா நான் எடுக்கறேன். எடுக்கவும் செய்தாள். சுத்தியலைத் தூக்கி முதல் அடியையே தன் கட்டை விரலில் போட்டுக்கொண்டு, சத்தமே போடாமல், விரலை வாயில் வைத்தபடி அப்படியே நின்றாள். அப்படி நின்றதைப் பார்த்த பிறகு ஜெசிந்தாவிடம் இருந்த வாதமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

தூள் பறந்து மூக்கில் ஏறியது. தும்மல் வரும் போல வந்து வராமலே போனது, இந்த மாதங்களில் எல்லாம் அப்படித்தான், வரும் போல வந்து வராமலே போகிறது. போன செமஸ்டரில் சமூகவியல் வகுப்பில் எழுந்து நின்று வீட்டில் பெண்கள் செய்யும் வேலைக்குப் பெயரே இல்லாததைப் பற்றி அவள் பேசின பேச்சில் பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்து, உட்காரும்மா, ஊரெல்லாம் கேட்டாச்சு என்றார், ரிஸ்வானா மேஜைக்கு அடியில் கைதட்டினாள். அந்த ரிஸ்வானாவிடம் நேற்று போனில் இதைச் சொன்னபோது அவள் சிரித்துத் தீர்த்தாள். ஓடிப்போன ஆம்பளைக்கு நீ ஸ்டாண்டு செய்யறியா? பெண்ணியத் தச்சரே, உங்களுக்கு ஒரு பொன்னாடை போத்தணும்டி. இவள், இல்லடி, ஸ்டாண்டு இல்லை, ஸ்டாண்டு தரையில் நிற்கும், இது சுவரில் மாட்டுகிறது என்று திருத்தினாள். அதைத்தான் திருத்த முடிந்தது. ரிஸ்வானா சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, நீ நல்லா இருக்கியாடி என்று கேட்டாள். நல்லா இருக்கிறேனா? பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டுவிட்டு டாக்டர் கன்னத்தைத் தட்டி, தெரியுதா தெரியுதா என்று கேட்பாரே, அப்போது கன்னம் ஒன்று இருப்பது தெரியும், அது தன்னுடையது என்பதுதான் தெரியாது. பிளஸ் டூவில் அப்படி ஊசி போட்டுக்கொண்டு வந்த மத்தியானம் அப்பா, சாப்பிடாதே பாப்பா, கன்னத்தைக் கடிச்சுக்குவே, தெரியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார், இவள் கேட்கவில்லை, சாப்பிட்டாள், ரத்தம் சோற்றில் விழுந்த பிறகுதான் கடித்திருப்பது தெரிந்தது. அப்பா அன்றைக்கு முழுக்கப் பழுப்புக் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு இவள் படுத்திருந்த பாய் பக்கத்திலேயே இருந்தார். வாசிக்கவில்லை. சும்மா கம்பிகளின் மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நல்லவர் கணக்கிலா? ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதுமா? அப்படியானால் அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மத்தியானங்களை எல்லாம் எந்தக் கணக்கில் சேர்ப்பது? நீட்டிய கட்டையின் முனை விரலில் குத்தியது, குத்தியதைப் பார்த்தாள்.

இரண்டையும் ஒரே அளவில் செய்ததுதான் அவள் செய்த தப்பு. கறுப்புக் கிடாரின் கழுத்தை ஸ்கேலால் அளந்து, அந்த இடைவெளியையே இரண்டு பலகைக்கும் வைத்து, துளை போட்டு, கட்டையைப் பசை வைத்து இறுக்கி, காய்ந்த பிறகு பழுப்பைக் கொண்டுவந்து நுழைத்தால் அது நுழையவில்லை. அதன் கழுத்து தடிமன். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதன் வயிற்றில் இருக்கும் கீறல் முதற்கொண்டு தெரியும், கழுத்து தடிமன் என்பது மட்டும் தெரியவில்லை. கிடார் என்றால் கிடார், ஒன்றைப் போலத்தான் இன்னொன்று என்று நினைத்துவிட்டாள், அவளுக்குப் பிடிக்காத வகைச் சிந்தனை இது, மற்றவர்கள் அப்படிச் சொன்னால் சண்டைக்குப் போவாள். ஒரு கட்டையைத் தட்டி உடைத்து எடுத்து, தள்ளி வேறு துளை போட்டு, அதைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்வாக வைத்து, பழைய துளையை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தாள். அந்த இடத்தைத்தான் இப்போது தேய்த்துக்கொண்டிருக்கிறாள். தேய்த்தாலும் அந்த வட்டம் தெரிகிறது. தெரிந்தால் என்ன, கிடாரின் தலை மறைத்துக்கொள்ளும். யார் அங்கே போய்ப் பார்க்கப்போகிறார்கள்? பார்ப்பார். அவர் பார்ப்பார். அவருக்குச் சோற்றில் கல் தெரியாது, மகள் எந்த வருஷம் படிக்கிறாள் என்று தெரியாது, மரத்தில் ஒரு தழும்பு இருந்தால் தெரியும். அவர் பார்த்து என்ன சொல்வார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்ததும் உப்புத்தாளைத் தூக்கி எறிந்தாள். எழுந்து போய் எடுத்து வந்தாள். வேறு உப்புத்தாள் இல்லை.

அவர் வந்து இருந்துவிட்டால்? இந்தக் கேள்வியை ஒரு வாரமாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடாமல் இருந்தாள், இப்போது கை பட்டுவிட்டது. இருந்துவிட்டால் அம்மா வெந்நீர் போடுவாள். அவர் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து கறுப்பை எடுத்து ஸ்ருதி பார்ப்பார், டிங் டிங் என்று ஒரே கம்பியை, ஜெபமாலை சொல்கிறவர்கள் மாதிரி. யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். நடுவில் போன மாதங்களை அம்மா கோலத்தைக் கூட்டித் தள்ளுகிற மாதிரி தள்ளிவிடுவாள், இந்தச் சுவரில் மாட்டின மரம்தான் எல்லாவற்றுக்கும் பதில் என்று ஆகிவிடும், அதைச் செய்தவள் இவள். இருக்கமாட்டேன் என்று போய்விட்டால்? அப்போது அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நாள் முழுக்க, இடம் பண்ணியும் தங்கவில்லையே என்று. அதைச் செய்தவளும் இவள்தான். இரண்டில் எதை வேண்டிக்கொள்வது? வேண்டிக்கொள்கிற பழக்கத்தை விட்டு நாளாயிற்று. உனக்கு எது வேண்டும் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள், ஆளில்லாத வீட்டில் கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது, உள்ளே யாரோ நடக்கிறார்கள் போலவும் இருந்தது, திறக்கவில்லை.

அம்மா வந்துவிட்டாள். மாடிப்படியில் அந்தச் செருப்புச் சத்தத்தில் ஒரு அவசரம், தலையில் முக்காடு இன்னும் எடுக்கவில்லை, கையில் ஆட்டுக்கறி. முடிஞ்சுதா? இன்னும் தேச்சுக்கிட்டேவா இருக்க? தேஞ்சே போயிடும்டி, வா வா. கீழே வந்தார்கள். எலக்ட்ரீஷியனிடம் இரவல் வாங்கிய டிரில்லைச் சுவரில் வைத்து அழுத்தினாள் ஜெசிந்தா. முதலில் வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள், பிறகு ஆரஞ்சில் செங்கல் தூள், சத்தம் பல் வழியாகத் தலைக்குள் ஏறியது. அம்மா முறத்தைப் பிடித்துக்கொண்டு தூளை ஏந்தினாள். வீட்டுக்காரம்மா மெர்சி டீச்சர் கீழே முற்றத்தில் இருந்து குரல் கொடுத்தார், யாரது, ஞாயித்துக்கிழமை அதுவுமாச் சுவத்தைக் குடையறது? நான்தான் டீச்சர், அம்மா உங்ககிட்ட கேட்டாங்களே. அம்மா கேட்டது ரெண்டு ஆணிக்கு. இது போர் போடற மாதிரில்ல இருக்கு? தண்ணி வந்தாச் சொல்லு, எனக்கும் ஒரு குழாய் இழுத்துக்கறேன். நாலே ஸ்க்ரூ டீச்சர், காலி பண்ணும்போது அடைச்சுக் குடுத்துடறோம். யாருக்காம் இவ்வளவு தடபுடல், சாரு வர்றாரா? ஒரு வருஷத்துக்கு முன்னால் இந்த டீச்சரோடு, வாடகைக்கு இருக்கிறவன் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றால் அவன் சாமி படத்தைத் தலையில் மாட்டிக்கொள்வதா என்று தெருவே கேட்க வாதாடியவள் ஜெசிந்தா. இப்போது, ஆமா டீச்சர் என்றாள். வரட்டும் வரட்டும், வந்தா இந்த வாரம் மோட்டார் போடற முறை உங்களதுன்னு அவர்கிட்ட சொல்லிடு. அம்மா முறத்தோடு நின்றபடி சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள், வெட்கப்பட்ட மாதிரி. அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் ஜெசிந்தா அடுத்த துளைக்கு டிரில்லை அழுத்தினாள்.

பிளாஸ்டிக் பிளக்கைத் தட்டி இறக்கி, பலகையை வைத்து, ஸ்க்ரூவைத் திருகித் திருகி மணிக்கட்டு வலித்தது, வலிக்கிறது என்று தகவல் மட்டும் வந்தது. கட்டைகளுக்குத் தன் பழைய பள்ளிக்கூட சாக்ஸை வெட்டி உறை போட்டிருந்தாள், ரப்பர் போட்டால் பாலிஷைத் தின்றுவிடும் என்று அவர் என்றைக்கோ சொன்னதை மறக்க முடியவில்லை. கறுப்பை மாட்டினாள். பழுப்பை மாட்டினாள். இரண்டும் மெல்ல ஆடி நின்றன. கதவுக்குப் பின்னால் இருந்தவரை சாமானாக இருந்தவை, சுவரில் ஏறியதும் வீட்டு ஆட்கள் மாதிரி ஆகிவிட்டன, இறங்கச் சொல்ல முடியாது போல. அம்மா தள்ளி நின்று பார்த்தாள், இன்னும் தள்ளி நின்று பார்த்தாள், புடவையை மாற்றப் போனாள். குக்கர் கத்தியது. வாசலில் வண்டி நின்ற சத்தம்.

அப்பா தலைக்குச் சாயம் அடித்திருந்தார். சட்டை புதுசு, காலர் கழுத்தில் உட்காராமல் நின்றது. கக்கத்தில் காலிக் கிடார்ப் பைகள் இரண்டை மடித்து வைத்திருந்தார். ஜெசிந்தா முதலில் பார்த்தது அவற்றைத்தான். அம்மாவும் பார்த்தாள், பார்த்ததை விழுங்கிக்கொண்டு தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். அவர் குடித்துவிட்டு, எப்படி இருக்கே பாப்பா, படிப்பெல்லாம் முடிஞ்சுதா என்றார். முடியல என்றாள். இதற்காக எத்தனை வாக்கியம் வைத்திருந்தாள், தலையணையில், பஸ்ஸில், லைப்ரரியில், அடுக்கி அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னால் அவர் சுவரோடு சுவராக ஒட்டிப்போவார் என்று. ஒன்றுகூட வரவில்லை. முடியல என்பது மட்டும் வந்தது.

"ஏங்க, பாத்தீங்களா?" என்றாள் அம்மா.

"எதை?"

"சுவத்துல."

அவர் திரும்பினார். அருகில் போனார். பழுப்பின் தலைக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவினார், கட்டையை அசைத்துப் பார்த்தார், குனிந்து சாய்வைப் பார்த்தார். "அட. யாரு செஞ்சது?"

"நம்ம ஜெசிதான். கடையில வாங்கல."

"பாப்பாவா? சாய்மானம் குடுத்திருக்கியே. பலபேருக்கு இது தெரியாது, நேரா வெச்சிடுவான், வழுக்கி விழுந்துடும். ரெண்டுக்கும் வேற வேற அளவு வேற." அவர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார், மேடையில் சக வாத்தியக்காரருக்கு ஆட்டுகிற மாதிரி. ஜெசிந்தாவுக்குள் ஏதோ ஒன்று வாலை ஆட்டியது. ஒரே ஒரு நொடி. அதை மிதித்து நசுக்க வேண்டும் என்று காலைத் தேடினாள், கால் எங்கோ இருந்தது.

அவர் கறுப்பை இறக்கிப் பைக்குள் விட்டு ஜிப்பை இழுத்தார். பழுப்பை இறக்கினார். அம்மா கையைப் பிசைந்துகொண்டு, "கறி வெந்துடுச்சு, உக்காருங்க" என்றாள். "இல்ல புஷ்பம், கீழ வண்டி வெயிட்டிங்ல நிக்குது, சாயந்திரம் புரோகிராம்" என்றார் அவர், இரண்டாவது ஜிப்பையும் இழுத்தார். இரண்டு பையையும் தோளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்ட பிறகும் போகாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவின் முகத்தில் என்னவோ எழுந்து நிற்கப் பார்த்தது.

"பாப்பா, இதையும் கழட்டிக் குடுத்துடறியா?" என்றார். "அங்க எல்லாம் கட்டிலுக்கு அடியிலதான் கிடக்கு. மாட்டிவைக்க ஒண்ணும் இல்ல."

ஸ்க்ரூ டிரைவர் ஜன்னல் விளிம்பில் இருந்தது. ஜெசிந்தாவின் கை அதை நோக்கிப் போனது. ஏன் போனது என்று பிறகு எத்தனை யோசித்தாலும் அவளால் சொல்ல முடியாது, கழற்று என்றால் கழற்றுகிற கையாகவே அது இந்த ஒரு வாரத்தில் ஆகியிருந்தது.

"அதை வை" என்றாள் அம்மா.

குரல் பெரிதாக இல்லை. குக்கர் மூடியைத் திறக்கிறாயா என்று கேட்கிற குரல்தான்.

"அது வேண்டாங்க. அது இங்க இருக்கட்டும்."

"இங்க என்ன மாட்டப்போற? சும்மாத்தானே இருக்கும்."

"அது எம்பிள்ளை எனக்குச் செஞ்சு குடுத்தது."

அவர் சிரித்தார். "கிடார் ஸ்டாண்டு புஷ்பம் அது."

அம்மா சமையலறைக்குள் போனாள். யாரோ கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்த கட்டைப்பை ஒன்றை, மணமக்கள் பெயர் பாதி அழிந்துபோனதை, உள்ளே இருந்த வெங்காயத்தோடு அப்படியே தூக்கிக்கொண்டு வந்தாள். பழுப்பு தொங்கின இடத்தில் அதை மாட்டினாள். பை ஆடி, ஒரு வெங்காயச் சருகு கீழே விழுந்து, நின்றது. அம்மாவும் மகளும் அதைப் பார்த்தார்கள். அவர் மட்டும் வாட்சைப் பார்த்தார். வர்றேன் என்றார். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. படியில் இறங்கும்போது ஒரு கிடார் கைப்பிடியில் இடித்து, பைக்குள்ளிருந்து ம்ம் என்று ஒரு சத்தம் வந்தது, வண்டி கிளம்பியது, கீழே மெர்சி டீச்சர் என்னவோ கேட்டார்.

அம்மா இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெசிந்தா அவள் அழப்போகிறாள் என்று காத்திருந்தாள், தன்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை, அம்மாவாவது அழுவாள் என்று.

"ஏண்டி" என்றாள் அம்மா, "அந்த இன்னொண்ணு இடது பக்கம் இறங்கின மாதிரி இல்ல?"

"இல்ல."

"நல்லாப் பாரு. இறங்கித்தான் இருக்கு."

"சுவர் கோணல்மா. பலகை நேராத்தான் இருக்கு."

"சுவரு கோணலா? வெள்ளைக்காரன் காலத்துச் சுவருடி இது. உன் கைதான் கோணல்."

"அப்படின்னா எதை வெச்சுச் சொல்ற? எதைப் பாத்து இறங்கியிருக்குன்னு சொல்ற? கூரையைப் பாத்தா, தரையைப் பாத்தா? அதைச் சொல்லு முதல்ல."

"என் கண்ணைப் பாத்துச் சொல்றேன்."

"கண்ணு ஒரு ஆதாரமாம்மா?" என்றாள் ஜெசிந்தா. ஸ்கேலை எடுத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "இரு, அளந்து காட்டறேன்."